அணியத்தில் பூட்டிய கைபிடி

சுருவில் கிராமத்தில் ஒரு கோச்சி றைவர் இருக்கிறார் என்றால் பட்டணத்துக்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தீவுப் பக்கத்துக்கு ரயில் தண்டவாளம் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. பஸ்சே குறிகட்டுவானோடு களைத்துப்போய் நின்றுவிடும், அதற்கப்பால் கடல்தான். ஆனாலும் இருக்கிறார். பெயர் அன்ரனிதாஸ். கடற்தொழில் குடும்பம். இளம் வயதில் தகப்பனோடு கோபித்துக்கொண்டு கடலை விட்டுப் போய் ரயில்வேயில் உதவியாளாகச் சேர்ந்தவர், பிறகு றைவராகி, கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் போர் வந்து மறிக்கும்வரை கோச்சி ஓட்டினார்.

நான் தில்லைநாதன், பக்கத்து ஊர் புளியங்கூடல். எங்கள் குடும்பத்துக்குத் தெற்கே சிங்களப் பகுதியில், மாகோவில், கடை இருந்தது. ஊருக்கு வருவதும் போவதும் கோச்சியில்தான். ஒருநாள் மாகோ ஸ்ரேசனில் நான் மூட்டையோடு நிற்க, எஞ்சினுக்குள் இருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, "நீர் புளியங்கூடல் ஆள் எல்லோ?" என்று கேட்டது. அன்று தொடங்கிய சினேகிதம். எங்களுக்குள் சண்டை வராத மாதமில்லை. அவருக்குக் காது மந்தம், எனக்குப் பொறுமை மந்தம்.

அவர் ஓட்டியது கனடாவில் இருந்து கப்பலில் வந்த டீசல் எஞ்சின்களில் ஒன்று. இலக்கத்தை எழுத மாட்டேன். எழுதினால் ரயில் பைத்தியங்கள் திருத்தம் சொல்ல வந்துவிடுவார்கள். அன்ரனிதாஸ் வேறு எஞ்சின்களும் ஓட்டியிருக்கிறார்தான், ஆனால் கதை சொல்லும்போது எல்லாம் அந்த ஒன்றாகவே இருக்கும். மேட்டில் ஏறும்போது அது எப்படி இருமும், மழையில் எந்த இடத்தில் சறுக்கும் என்று அவர் சொல்லத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிப் பச்சைத்தண்ணி ஆகிவிடும்.

அந்த எஞ்சினில் ஒரு கைபிடி உண்டு. முன்னுக்குப் போவதா பின்னுக்குப் போவதா என்று மாற்றுவது. ஒரு சாண் நீளப் பித்தளை, பிடித்துப் பிடித்து மினுங்கிப் போனது. அது இல்லாவிட்டால் எஞ்சின் உறுமும், நகராது. அதனால் இறங்கும்போது றைவர் அதைக் கழற்றிக் கையோடு கொண்டு இறங்க வேண்டும், பிறகு ஷெட்டில் ஒப்படைக்க வேண்டும். சைக்கிளை நிறுத்துகிறவன் திறப்பை எடுப்பதுபோல. அது அவருடைய கைக்கு ஊறிப்போன பழக்கம்.

1990 ஆனி மாதம் ஒருநாள் பகல் வண்டியை யாழ்ப்பாணம் கொண்டுவந்து சேர்த்தார். கோயில் பெருநாளுக்கு லீவு. பட்டணமெங்கும் ஒரே பதற்றம், ஆளாளுக்கு ஒரு கதை. அவசரத்தில் கைபிடியைப் பைக்குள் போட்டவர் ஷெட்டில் கொடுக்க மறந்து, பஸ் பிடித்துச் சுருவிலுக்கு வந்துவிட்டார். லீவு முடியக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்தார். எஞ்சினோ ஷெட்டில் இருந்த வேறொரு கைபிடியோடு தெற்கே போனது. அதற்குப் பிறகு கோச்சி வரவில்லை. வராத கோச்சியை ஊர் மெல்ல மெல்ல மறந்தது.

கொஞ்சக் காலத்துக்குப் பிறகு வவுனியாவில் இருந்து வந்த ஒருவர், அந்த எஞ்சின் குண்டில் அகப்பட்டு முடிந்துவிட்டது என்று சொன்னார். அன்ரனிதாஸ் ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பிறகு இடம்பெயர்வு, அகதிமுகாம், திரும்பி வருகை. றைவர் வேலையும் அதற்குள் எங்கோ போயிற்று. கடலோடு கோபித்துக்கொண்டு போன மனிதர் கடலுக்கே வந்து சேர்ந்தார். கைபிடி மட்டும் எல்லா இடத்துக்கும் அவரோடு போய் வந்தது.

இங்கே அவர்கள் குடும்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய வள்ளத்தை உடைத்தால் அதில் இருந்து ஒரு துண்டை எடுத்துப் புது வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில், பூட்டுவார்கள். செத்த வள்ளம் புது வள்ளத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. ஆனால் உயிரோடு இருக்கும் வள்ளத்தில் இருந்து ஒரு ஆணிகூட எடுக்கக் கூடாது. எடுத்தால் ஒன்று மற்றதைக் கீழே இழுக்கும். அந்த வள்ளத்தைக் கொண்டு நடத்துகிற தண்டையல் தானாக மனமொப்பித் தந்தால் மட்டும் குற்றமில்லை. நான் சைவக்காரன், எங்கள் வீட்டில் வேறு விதமான பைத்தியங்கள் உண்டு, அதனால் இதைப் பற்றி நான் சிரிப்பதில்லை.

மகன் கிறிஸ்ரி புது பிளாஸ்ரிக் வள்ளம் எடுத்தபோது பூட்டுவதற்குப் பழைய துண்டு எதுவும் இல்லை. அன்ரனிதாசின் தகப்பனுடைய வள்ளம் இடம்பெயர்வோடு காணாமல் போயிருந்தது. அன்ரனிதாஸ் அலுமாரியைத் திறந்து கைபிடியை எடுத்துவந்தார். "உதுவும் செத்ததுதானே," என்று சொல்லி, இரண்டு போல்ட் போட்டு அணியத்தின் உள்பக்கம் பூட்டினார்.

அதன் பிறகு ஒரு மார்கழிப் புயலில் கிறிஸ்ரி கடலில் அகப்பட்டான். மெசின் நின்றுவிட்டது. கரையில் மருமகள் மேரிசுகந்தி செபமாலையும் கையுமாக நின்றாள். வள்ளம் தானாக மிதந்து வந்து மண்ணில் ஏறியபோது, கிறிஸ்ரி அணியத்துக்குள் சுருண்டு கிடந்தான். கைபிடியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவனை எடுத்தார்கள். அன்றில் இருந்து அந்தப் பித்தளையை ஒவ்வொரு சனிக்கிழமையும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பது மேரிசுகந்திதான். வேறு ஒருவரையும் தொட விடமாட்டாள்.

இவ்வளவும் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தவன் நான்.

போன வருசம் ரொறன்ரோவில் இருக்கும் என் மகள் சயந்தினி ஒரு வீடியோ அனுப்பினாள். கொழும்பில் ரயில் ஆர்வலர்கள் சிலர் ஒரு பழைய எஞ்சினைக் காப்பாற்றி, திருத்திப் பெயின்ற் அடித்து, ஓடவிட்டிருக்கிறார்களாம். போருக்குப் பிறகு திரும்பப் போட்ட தண்டவாளத்தில் சிறப்பு வண்டியாகக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவரப் போகிறார்கள். நான் வீடியோவை நிறுத்தி இலக்கத்தைப் பார்த்தேன். அன்ரனிதாசின் அதே எஞ்சின். உடனே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுருவிலுக்குப் பறந்தேன். சந்தோசச் செய்தி கொண்டுபோகிற ஆளுக்கு வேகம் தெரியாது.

அன்ரனிதாஸ் யாரோ ஒருவருடைய வள்ளத்து மெசினைப் பிரித்துக் கதிரையில் பரப்பி வைத்திருந்தார். நான் போனை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தேன். பார்த்தார். திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வரும் என்று நான் காத்துக்கொண்டு நிற்க, முகம் கறுத்தது.

"அது சாகேல்லையோ?" என்றார்.

"சாகேல்லை! நல்லாத்தான் இருக்குது. உமக்குச் சந்தோசமில்லையோ?"

"தில்லை, உயிரோடை இருக்கிறதின்ரை துண்டையெல்லோ நான் வள்ளத்திலை பூட்டியிருக்கிறன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குசினி வாசலில் நின்ற மேரிசுகந்திக்கு என்னைவிட முன்னமே உறைத்துவிட்டது. கையில் இருந்த அகப்பையோடு வெளியே வந்தாள்.

"மாமா, என்ன நினைக்கிறியளெண்டு எனக்குத் தெரியும். அதைக் கழட்ட நான் விடமாட்டன்."

"பிள்ளை, அது எங்கடை இல்லை. திருப்பிக் குடுக்கவேணும்."

"இப்ப எங்கடை வள்ளமும் உயிரோடைதானே இருக்குது? அதிலை இருந்து மட்டும் கழட்டலாமோ? இவ்வளவு காலமும் அது இல்லாமல் அந்த எஞ்சின் ஓடினது. இது இல்லாமல் எங்கடை வள்ளம் ஓடுமெண்டு நீங்கள் சத்தியம் பண்ணுவியளோ?"

அன்ரனிதாசின் சட்டத்தை வைத்தே அவரை மடக்கிவிட்டாள். பூட்டியிருந்தாலும் பிழை, கழற்றினாலும் பிழை. நான் என் போனைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்த வழியே போனேன். போகும்போது என்னை நானே திட்டாத வார்த்தை இல்லை.

கிறிஸ்ரி பாவம். தகப்பனுக்கும் மனைவிக்கும் நடுவில் நின்றான். கடைசியில் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்கோ, அதுமட்டும் நான் கடலுக்குப் போகேல்லை," என்றான். நண்டு நல்லாகப் பட்டுக்கொண்டிருந்த காலம். மற்றவர்களுடைய வள்ளங்கள் போய்வர, இவர்களுடையது மண்ணில் கிடந்தது. அன்ரனிதாஸ் அதன் பக்கமே போவதில்லை. முன்பெல்லாம் காலையில் எழுந்ததும் அணியத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். இப்போது வள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். சாப்பாட்டுக் கோப்பையும் பாதியோடு திரும்பி வந்தது.

சிறப்பு வண்டி வருவதற்கு முதல்நாள் பின்னேரம் மேரிசுகந்தி தானே ஸ்பானரை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். கழற்றிக் கொண்டுவந்து மாமனாரின் மடியில் வைத்தாள்.

"கொண்டு போங்கோ. உங்களை இப்பிடிப் பாக்க எனக்கு ஏலாது. ஆனா மாமா, அணியத்திலை ரெண்டு ஓட்டையோடை அவரை நான் கடலுக்கு விடமாட்டன். அதுக்கும் ஒரு வழி சொல்லிப்போட்டுப் போங்கோ."

அவர் கைபிடியைத் துவாயில் சுற்றிப் பழைய றெக்சின் பைக்குள் வைத்தார்.

அடுத்த நாள் நானும் அவரும் வாடகைக்குப் பிடித்த வானில் காங்கேசன்துறைக்குப் போனோம். பண்ணைப் பாலம் தாண்டும்வரை பையை மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு திடீரென்று, "நான் இல்லாமலே ஓடியிருக்குது, தில்லை," என்றார். "செத்ததெண்டு நினைச்சு நான் அழுதனான். அது அங்கை ஓடிக்கொண்டு இருந்திருக்குது."

"நல்லதுதானே?" என்றேன்.

"நல்லதுதான். ஆனா நோகுது."

காங்கேசன்துறை ஸ்ரேசனில் ஒரே சனம். போன் பிடித்த கைகள்தான் மரம்போல் நின்றன. எஞ்சின் வரும் சத்தம் எனக்குக் கேட்பதற்கு முன்பே, காது மந்தமான இந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். காலால் கேட்டாராம், நிலம் அதிர்ந்ததாம். அது வந்து நின்றது. பழைய ஆளுக்குக் கலியாண உடுப்புப் போட்டதுபோல் பளபளவென்று இருந்தது. அன்ரனிதாஸ் பக்கத்தில் போய் அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். வாய் எதையோ சொல்லிக்கொண்டு இருந்தது. நான் கிட்டப் போகவில்லை.

றைவர் லலந்த என்று ஒரு சிங்களப் பொடியன். பொடியன் என்ன, நாற்பது வயது இருக்கும். எங்களுக்கு எல்லோரும் பொடியன்தான். அன்ரனிதாஸ் தன்னுடைய பழைய ரயில்வேச் சிங்களத்தில் தான் யார் என்று சொன்னதும் அவன் கையைப் பிடித்து மேலே தூக்கினான். நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரச் சிங்களம் எனக்கும் விளங்கும்.

தூரத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றி விசாரிப்பதுபோல் இவர் விசாரித்தார். பிறகு எங்கே ஓடியது? மாத்தறைப் பாதையில், கந்தோருக்கு வேலைக்குப் போகும் சனத்தோடு. கடற்கரையோரமா? ஓம், கடற்கரையோரம். உப்புக்காற்றில் துருப்பிடிக்கவில்லையா? பிடித்தது, வெட்டி ஒட்டினார்கள். அதற்குப் பிறகு? மட்டக்களப்புப் பக்கம் சாமான் வண்டி இழுத்தது. வயது போனதும் யார்ட்டுக்குள் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளுகிற வேலை. கடைசியில் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தின் கீழ் விட்டுவிட்டார்கள், வெட்டுவதற்கு. கொடி படர்ந்து, உள்ளே நாய் குட்டி போட்டிருந்ததாம். அதைக் கேட்டு அன்ரனிதாஸ் கண்ணைத் துடைத்தார்.

பிறகு பையைத் திறந்து துவாயை விரித்தார். "இது இதன் கைபிடி. திருப்பித் தர வந்தேன்," என்று சிங்களத்தில் சொன்னார்.

லலந்த அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன்னுடைய கைபிடியைக் கழற்றி ஒரு பக்கம் வைத்தான். பிறகு பித்தளையை அன்ரனிதாசின் கையிலேயே திருப்பி வைத்து, "நீங்களே போடுங்கள் ஐயா. எஞ்சினை மற்றப் பக்கம் கொண்டுபோய்ப் பூட்ட வேண்டும்," என்றான்.

காங்கேசன்துறையோடு தண்டவாளம் முடிகிறது. திரும்பிப் போவதென்றால் எஞ்சினைப் பெட்டிகளில் இருந்து கழற்றி, முன்னால் போய், பக்கத்துத் தண்டவாளத்தால் வந்து, மறுமுனையில் பூட்ட வேண்டும். வண்டியோடு வந்த ரயில்வே அதிகாரி திடீரென்று கடலைப் பார்க்கத் தொடங்கினார். மிக நீண்ட நேரம் பார்த்தார். அவருக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்.

கைபிடி உள்ளே போய் இருந்த சத்தம் கீழே நின்ற எனக்குக் கேட்டது. எஞ்சின் ஒருதரம் இருமியது. பிறகு நகர்ந்தது. முன்னுக்குப் போனது, நின்றது, கைபிடியை மாற்றிப் பின்னுக்கு வந்தது. ஜன்னலில் அன்ரனிதாசின் முகம் என்னைத் தாண்டிப் போனது. என்னை அவர் காணவில்லை. பாதையைப் பார்த்துக்கொண்டு போனார், அவ்வளவுதான். பெட்டியில் வந்து முட்டியபோது சத்தமே இல்லை. நான் வீடியோ எடுக்க வேண்டும் என்று போனைத் தூக்கியவன், அழுதுகொண்டு நின்றதில் எடுக்க மறந்துபோனேன்.

இறங்கி வந்தார். பை தோளில். லலந்தவைக் கட்டிப்பிடித்து, நம்பர் கொடுத்து வாங்கி, விடைபெற்றார். வானில் ஏறியதும் நித்திரையாகிவிட்டார். சின்னப்பிள்ளைபோல் வாயைத் திறந்துகொண்டு நித்திரை.

வீட்டு வாசலில் மேரிசுகந்தி காத்துக்கொண்டு நின்றாள். "குடுத்தாச்சோ மாமா?" என்றாள்.

"குடுத்தாச்சு பிள்ளை," என்று சொல்லிப் பையைக் கதிரையில் வைத்தார். டங் என்று ஒரு சத்தம்.

மூன்று பேரும் பையைப் பார்த்தோம். மேரிசுகந்திதான் திறந்தாள். துவாய் ஒருபக்கம், பித்தளைக் கைபிடி ஒருபக்கம்.

அன்ரனிதாஸ் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "ஐயோ மாதாவே, இறங்கேக்கை கழட்டிக் கொண்டு வந்திட்டன்!" என்றார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அவருடைய முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அன்றைக்கும் இதே கை, இதே பழக்கம். திருப்பிக் கொடுக்கப் போனவர் திரும்பவும் எடுத்து வந்துவிட்டார்.

"வானைக் கூப்பிடும் தில்லை, கோச்சி யாழ்ப்பாணம் தாண்டியிருக்காது," என்று அந்தரப்பட்டார். மேரிசுகந்தி கைபிடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "முதல் அந்த றைவரோடை கதையுங்கோ," என்றாள். நான் போனைப் போட்டு எல்லோருக்கும் கேட்க வைத்தேன். எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் லலந்தவின் குரல் வந்தது. அன்ரனிதாஸ் திக்கித்திக்கி விசயத்தைச் சொன்னார். அந்தப் பக்கத்தில் சிரிப்பு. பிறகு அவன் நிதானமாக நாலைந்து வசனம் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த அன்ரனிதாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன சொல்லுறார்?" என்று மேரிசுகந்தி கேட்டாள். அவளுக்குச் சிங்களம் தெரியாது. நான்தான் சொன்னேன்.

"கழட்டினதைத் தான் கண்டவராம். வேணுமெண்டுதான் பேசாமல் விட்டவராம். எஞ்சினை விட்டு இறங்கிற றைவர் கைபிடியோடைதான் இறங்குவார், அது இவரின்ரை கைக்குரியது, தான் மனமொப்பித் தந்ததாய் நினைச்சு வைச்சிருக்கட்டாம் எண்டு சொல்லுறார்."

மேரிசுகந்தி கைபிடியை நெஞ்சில் இருந்து இறக்கினாள். "இப்ப அந்த எஞ்சினுக்குத் தண்டையல் அவர்தானே?" என்றாள்.

"ஓம்," என்றேன்.

அவள் மாமனாருக்குப் பக்கத்தில் குந்தி, சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். முதல்நாள் கழற்றிய இரண்டு போல்ட்டும் உள்ளே இருந்தன. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தாள்.

"எழும்புங்கோ மாமா," என்றாள். "இருட்ட முதல் பூட்டுவம். காலமை அவர் கடலுக்குப் போகவேணும்."